மார்க்கும் மதிப்பும்

ஒருவனைக் குற்றவாளியென்று தண்டிப்பதற்கு முன்பு, அவன் எந்தச் சட்டத்தை மீறினான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அச்சட்டம் அவன் அக்காரியத்தைச் செய்வதற்கு முன்பே பிரசுரமாகியிருக்க வேண்டும். தீர்ப்புக் கூறுபவர் அதற்குரிய காரணங்களையும் எழுதியாக வேண்டும். நாகரிகமடைந்த தேசங்கள் யாவும் ஒப்புக்கொண்ட நியாயம் இது. முன் தேதியிட்ட தண்டனைச் சட்டம் செல்லாதென்று நமது அரசியல் சட்டத்தின் 20-வது பிரிவும் கூறுகின்றது. கொலைக் குற்றம் சாட்டப்பெற்றவனுக்கும் நாம் மறுக்காத இந்த நியாயத்தை, ஆரம்பப் பள்ளியில் வாசிக்கும் எட்டு வயதுப் பாலனுக்கு அன்றாடம் மறுத்து வருகிறோம். அவன் ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்கிறான். உபாத்தியாயர் அதன் தலைப்பில் 10-க்கு 4 என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பித் தருகிறார். நான்கு எதற்காக? ஐந்து ஏன் இல்லை? போன ஆறும் எங்கே போயின? பாலன் அறியான், அவனுடைய பெற்றோர் அறியார், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் உபாத்தியாயரும் திட்டமாகச் சொல்ல இயலாதவராவார்.

இப்படிச் சொல்வது உபாத்தியாயர்களை இழித்துரைப்பதாகாது. பெரிய பரீட்சகர்களின் நிலைமையும் இதுவே. ஸர் பிலிப் ஹார்ட்டாக் என்பவரை நமது அரசியல் ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டாக்கா சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தராக இருந்தவர். ஸைமன் கமிஷனுக்குத் துணையாக அமைந்த கல்விக் கமிட்டியின் தலைவர். ஆங்கில ஆட்சிக்கு முந்திய இந்தியக் கல்வி பற்றி மகாத்மா காந்தி 1931-ம் வருஷத்தில் லண்டனில் கூறியதை எதிர்த்து வாதாடியவர். இந்தியாவில் முதல் வகுப்பிற் சேர்ந்த 100 குழந்தைகளில் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டினர் என்று 1929-ம் வருஷத்து அறிக்கையில் எடுத்துக் காட்டியவரும் அவரே. அப்பெரியார் ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1935-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் பரீட்சைகளையே பரீட்சித்துப் பார்த்தார். முன்னர் ஒரே மார்க்குப் பெற்றிருந்த 15 சரித்திர விடைத்தாள்களைத் தேர்ந்த பரீட்சகர்களிடம் கொடுத்தார். ஓராண்டுக்கு மேல் கழித்து, அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களை மறுபடியும் திருத்தச் சொன்னார். இவ்வாறு கிடைத்த 210 தீர்ப்புகளில் 92 தீர்ப்புகள் மாறிவிட்டன! முன்பு தேறியவன் பின்பு தவறினான், தவறியவன் தேறினான். தாளும் ஒன்றே, திருத்தியவரும் ஒருவரே; இடையில் சென்றது காலம் மாத்திரமே. இந்தியக் குழந்தைகளுடைய தேக்கத்தைப் பற்றி அறிக்கை எழுதியவர், தம் நாட்டுத் தராசு எவ்வளவு ஆடுகிறது என்பதையும் ஒளிக்காமல் உலகுக்குக் காட்டினார். அந்த நேர்மையை நாம் பாராட்டுகிறோம்.

அமெரிக்காவில் 1961-ம் வருஷத்தில் டீடரிக் என்பவரும் அவருடைய நண்பர்களும் 300 மாணவர் கட்டுரைகளை 53 வாசகர்களிடம் கொடுத்து, ஒன்பது படிகளாகத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். 100-க்கு 94 கட்டுரைகள் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு படிகளைப் பெற்றன. இதைக் கண்டு அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. வாசகர்கள் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்தார்கள். ஒருவர் கருத்தை நோக்கினார், ஒருவர் ஒழுங்கை நோக்கினார். வேறொருவர் எழுத்துப் பிழையை எண்ணினார். இன்னொருவர் சொல்லழகில் மயங்கினார். பின்னும் ஒருவர் எழுதினவனின் சொந்தக் குணம் தாளில் தெரிகிறதா என்று தேடினார். ஆளுக்கொரு தராசு வைத்திருந்தார்களேயன்றி எவரும் பொய்யாக எடை போடவில்லை. அந்தத் தராசுகளை வெளியே எடுத்துப் பலர் அறியச் சொற்களால் எழுதிவைத்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்தே, ஆங்கிலத்தில் இன்று ‘ரூப்ரிக்’ என்று வழங்கும் சாதனம் வளர்ந்தது. சிவப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பழைய சட்டப் புஸ்தகங்களிலும் கிறிஸ்தவ ஜபப் புஸ்தகங்களிலும் தலைப்புகளைச் சிவப்பு மையால் எழுதுவது வழக்கம். வேலை முடிந்த பிறகு பாலன் காணும் சிவப்பு மை, வேலை தொடங்குமுன் அவன் காணும் சிவப்பு மையாக மாற வேண்டுமென்பதே இங்கு நமது வாதம். நாம் இதைத் ‘தரக்குறிப்பு’ என்று அழைப்போம்.

தரக்குறிப்பு என்பது மார்க்குப் பட்டியலன்று. ஒரு வேலையில் எவற்றைக் கவனிக்கப் போகிறோம் என்பதையும், அவை ஒவ்வொன்றும் தொடக்கத்தில் எப்படியிருக்கும், நடுவில் எப்படியிருக்கும், நன்கு கைவந்தபோது எப்படியிருக்கும் என்பதையும் கண்ணாற் காணக்கூடிய அடையாளங்களால் சொல்வதே அது. ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று மூன்று பத்தி வரைந்துவிட்டால் தரக்குறிப்பு ஆகிவிட்டதென்று பலர் எண்ணுகிறார்கள். அது 8, 6, 4 என்னும் எண்களுக்கு வேஷம் போட்டதேயன்றி வேறன்று.

ஓர் உதாரணம் கொள்வோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ‘எங்கள் ஊர்ச் சந்தை’ என்பது பற்றி எழுதச் சொல்லியாயிற்று. ஒரு சிறுவன், சந்தை என்பது மக்கள் கூடும் இடம், அங்கே பல பொருள்கள் கிடைக்கும், சந்தையால் மக்களுக்கு நன்மை உண்டு என்று பிழையின்றி, முத்து முத்தாக எழுதியிருக்கிறான். அச்சடித்த துணைப் புஸ்தகத்தில் உள்ளது அதுதான். பக்கத்துச் சிறுமி வெள்ளிக்கிழமையை ‘வெல்லிக்கிழமை’ என்றும், தராசைத் ‘தறாசு’ என்றும் எழுதியிருக்கிறாள். ஆனால் கருவாட்டுக் கூடையைச் சுற்றி ஈ மொய்த்ததையும், தட்டின் அடியில் வியாபாரி புளியை ஒட்டி வைத்திருந்ததைப் பாட்டி கண்டுபிடித்துச் சண்டையிட்டதையும், கடைசியில் பாட்டிக்கு ஒரு கை கத்தரிக்காய் கொசுறாகக் கிடைத்ததையும் எழுதியிருக்கிறாள். வழக்கமான மார்க்கு முறையில் சிறுவனுக்கு 8, சிறுமிக்கு 4. இவ்விரண்டு எண்களும் அவ்விருவருக்கும் போதிப்பது யாது? பார்த்ததை எழுதாதே, பாடம் பண்ணியதை எழுது என்பதே. தேசத்தில் உள்ளதை உள்ளபடி பார்த்து எழுதும் கண்களை எட்டு வயதிலேயே மூடிவிட்டு, பின்னர் நமது வாலிபர்களுக்குச் சுயபுத்தி இல்லையென்று மேடைகளில் வருந்துவதில் பயனென்ன?

இனி, தரக்குறிப்பு இருந்தால் நடப்பது வேறு. நான்கு விஷயங்கள் போதும்: கண்டது, வரிசை, வாக்கியம், எழுத்து. ‘கண்டது’ என்பதன் கீழ், எந்த ஊர்ச் சந்தைக்கும் பொருந்தும் பொது வார்த்தைகளே உள்ளன என்பது முதற்படி. தன் ஊர்ச் சந்தையிற் கண்ட இரண்டொரு பொருள்களைப் பெயர் சொல்லியிருக்கிறது என்பது இரண்டாம் படி. அங்கே போகாதவனுக்கும் அவ்விடம் கண்முன் தோன்றும்படி பார்த்தது, கேட்டது, மணத்தது ஏதேனும் எழுதியிருக்கிறது என்பது மூன்றாம் படி. இந்த அளவில் சிறுமி மூன்றாம் படியிலும் சிறுவன் முதற்படியிலும் நிற்கிறார்கள். ‘எழுத்து’ என்பதில் நிலைமை தலைகீழ். இருவருக்கும் இப்பொழுது தாம் செய்யவேண்டியது இன்னதென்று தெரிகிறது. சிறுமி ல, ள, ழ, ர, ற ஆகிய எழுத்துகளில் பழகவேண்டும். சிறுவன் அடுத்த வாரம் கண்ணைத் திறந்துகொண்டு சந்தைக்குப் போகவேண்டும். நான்கையும் கூட்டி ஓர் எண்ணாக்கினால் இந்த அறிவு முழுவதும் மறைந்துபோகும். ஆகையால் கூட்டக்கூடாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

கணக்கிலும் அப்படியே. 52-லிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னால் 24 வரவேண்டும். ஒரு பிள்ளை 36 என்கிறது. மற்றொன்று 34 என்கிறது. மூன்றாவது 23 என்கிறது. மூன்றுக்கும் பூஜ்யம் போடுவது நமது வழக்கம். ஆயினும் முதற்பிள்ளை ஒவ்வொரு ஸ்தானத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது. கடன் வாங்குவதென்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. இரண்டாவது பிள்ளை கடன் வாங்கிற்று. ஆனால் வாங்கிய இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்தது. மூன்றாவது முறையை முற்றும் அறிந்தும் விரல் விட்டு எண்ணுகையில் ஒன்று தவறிற்று. முதற்பிள்ளைக்குக் குச்சிக் கட்டுகளை அவிழ்த்துக் காட்டவேண்டும். இரண்டாவதற்கு அரை நாழிகை போதும். மூன்றாவதற்கு ‘இன்னொரு தடவை பார்’ என்ற ஒரு வார்த்தை போதும். இம்மூன்று நிலைகளையும் எழுதி வைத்திருக்கும் உபாத்தியாயர் மறுநாள் பாடத்தை எங்கே தொடங்குவதென்று அறிவார். பூஜ்யங்களை மட்டும் எழுதி வைத்திருப்பவர் அறியமாட்டார்.

நிற்க. இக்குறிப்பைச் செய்வது யார்? தலைநகரில் உள்ள நிபுணர் குழு செய்து அச்சடித்து அனுப்பிவிடலாம் என்பது உத்தியோகஸ்தர்களின் இயற்கையான முதல் யோசனை. நாம் அதை ஒப்புக்கொள்ளோம். உபாத்தியாயர் தம் வகுப்பில் உள்ள 30 தாள்களைத் தரையில் பரப்பி, மனத்துக்குப் பட்டபடி மூன்று குவியலாகப் பிரிக்கட்டும். பிறகு, இது ஏன் இந்தக் குவியலில் விழுந்தது என்று தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்துகொள்ளட்டும். வருகிற விடைகளில், பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் சொல்லக்கூடியவற்றை மட்டும் எழுதட்டும். எழுதியதைப் பக்கத்து வகுப்பு உபாத்தியாயினியிடம் கொடுத்து, இருவரும் தனித்தனியே பத்துத் தாள்களைப் பார்க்கட்டும். இருவர் முடிவும் எங்கே மாறுபடுகிறதோ அங்கே குறிப்பின் வார்த்தை குழப்பமாயிருக்கிறதென்று பொருள், அதைத் திருத்தவேண்டும். இரண்டொரு முறை இப்படிச் செய்தால் போதுமான குறிப்பு கிடைத்துவிடும். மேலேயிருந்து வருகிற மாதிரிகள் உதவலாம், உத்தரவாக வரக்கூடாது.

செய்த குறிப்பை மேஜை அறையில் பூட்டி வைத்தால் பயனில்லை. பிள்ளைகள் எழுதத் தொடங்குமுன் அது கரும்பலகையில் இருக்கவேண்டும். போன வருஷத்துத் தாள்கள் இரண்டைப் பெயர் நீக்கி உரக்க வாசித்து, எது எந்தப் படி என்று பிள்ளைகளையே சொல்லச் செய்யவேண்டும். அவர்கள் சொல்லும் நியாயம் சில சமயம் குறிப்பையே திருத்தும். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தில் எதுவும் வேண்டாம்; ‘நீ சொன்ன கதைக்கு முடிவு இருந்ததா?’ என்பது போன்ற இரண்டு கேள்விகள் வாய்மொழியாகவே போதும். திண்ணைப் பள்ளிக்கூடங்களின் குறைகள் பல. பிரம்பும் கோதண்டமும் நாம் மறந்தவையல்ல. ஆனால் அங்கே பிள்ளை ஒப்பித்தது எல்லோர் காதிலும் விழுந்தது. எங்கே தடுமாறினான் என்பது அவனுக்கும் தெரிந்தது, அடுத்தவனுக்கும் தெரிந்தது. மதிப்பு என்பது மூடிய உறைக்குள் வருகிற இரகசியமாக அங்கே இருக்கவில்லை.

மார்க்கையும் போட்டு, பக்கத்தில் குறிப்பையும் எழுதினால் இரண்டு நன்மையும் உண்டாகாவோ என்று சிலர் கேட்கலாம். இஸ்ரேல் தேசத்தில் ரூத் பட்லர் என்னும் அம்மையார் இதைச் சோதித்து 1988-ம் வருஷத்தில் வெளியிட்டார். வேலையைப் பற்றிய குறிப்பை மட்டும் பெற்ற பிள்ளைகளின் ஊக்கமும் திறமையும் மேம்பட்டன. மார்க்கும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்கள் மார்க்கு மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். நமது வீடுகளிலும் காண்பது அதுதான். மார்க்கைக் கண்டவுடன், பக்கத்து வீட்டுப் பையனுக்கு எத்தனை என்ற கேள்வி பிறக்கிறது. குறிப்பை வாசிப்பார் இல்லை.

இவ்வளவு நன்மையுள்ள இச்சாதனம், சர்க்காரின் கணக்குப் பிள்ளை கையில் சிக்கினால் என்னாகும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1862-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற மந்திரி ஆரம்பப் பள்ளிகளுக்கு ஆறு தரங்களை வகுத்தார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு தரத்திலும் பிள்ளை என்ன செய்யவேண்டுமென்று தெளிவாகவே சட்டத்தில் எழுதியிருந்தது. ஆறாந்தரத்தின் வாசிப்புக்கு ஒரு பத்திரிகைப் பந்தி குறிக்கப்பட்டிருந்ததென்பது பத்திரிகைக்காரராகிய நமக்குச் சற்று மகிழ்ச்சி தருவதாகும். எழுதிய வாசகத்தில் பழுதில்லை. அதன் கூடவே ஒட்டிய பணத்தில் இருந்தது பழுது. பரீட்சைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டு ஷில்லிங் மானியம். ஒவ்வொரு விஷயத்திலும் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ் பிடித்தம். விளைந்தது யாதெனில், பிள்ளைகள் வாசகப் புஸ்தகத்தை முழுதும் நெட்டுருச் செய்து ஒப்பித்தார்கள். பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த கவி மாத்யூ ஆர்னால்டு, உண்மையில் வாசிக்கத் தெரியாமலே வாசிப்பில் தேறிவிட முடியும் என்று தம் அறிக்கைகளில் கண்டித்தார். அந்த முறையே கப்பலேறி நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, இன்ஸ்பெக்டர் வரும் நாளை ஊரே நடுங்கி எதிர்பார்க்கும்படி செய்தது. கர்ஸன் பிரபு காலத்து 1904-ம் வருஷத் தீர்மானமே அதைக் கைவிடச் சொல்லிற்று.

அந்நியர் போனபின் அந்தப் புத்தி முற்றிலும் போய்விட்டதென்று சொல்வதற்கில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, பிள்ளையைப் பயத்தினின்று விடுவிக்க வேண்டுமென்றும், அதன் அறிவைத் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டுமென்றும் விதிக்கின்றது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012-13-ல் முப்பருவ முறையோடு, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற ஏற்பாடு வந்தது. வளரறி என்பது அழகிய பெயர், வளர்வதை அறிவது. ஆனால் வளர்ச்சியை அறிவதற்கு 40 என்னும் எண் எதற்கு? எண் வந்தவுடன், கடையில் விற்கும் படங்களை வாங்கி அட்டையில் ஒட்டிக் கொடுப்பதும், பிள்ளையின் வேலையைத் தாயோ அக்காளோ இராத்திரி கண்விழித்துச் செய்து தருவதும் பல இடங்களில் வளரறி மதிப்பீடாகிவிட்டன. 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாக வகுத்தது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே போய்க் கற்பிப்பது என்னும் அதன் நோக்கத்தை நாம் வரவேற்கிறோம். எனினும் மொட்டு மலராவதற்குச் செய்ய வேண்டுவது யாது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாவிடில், அவள் பெற்றது புஷ்பத்தின் பெயர் கொண்ட மற்றொரு மார்க்கேயாகும். அன்றியும், மதிப்பீடுகளைக் கைபேசிச் செயலியில் ஏற்றும் வேலையால் பாட நேரம் குறைகிறதென்று உபாத்தியாயர் சங்கங்கள் கூறிவந்த முறைப்பாட்டை நேயர்கள் அறிவார்கள். தாளைப் பார்க்க வேண்டிய கண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், எந்தக் குறிப்பும் உயிர் பெறாது.

வேறொரு ஆட்சேபமும் உண்டு; அது கனமானது. எல்லாவற்றையும் நான்கு வரியில் எழுதி வைத்தால், பிள்ளைகள் நான்கு வரிக்கு மட்டும் எழுதக் கற்றுக்கொள்ள மாட்டார்களா என்று நமது நண்பரான ஓர் உபாத்தியாயர் கேட்கிறார். கற்றுக்கொள்வார்கள். ஆகையினாலேயே குறிப்பின் அடியில் ஒரு வரியை வெறுமையாக விடவேண்டும்: ‘இக்குறிப்பில் சொல்லாத நல்லது ஏதேனும் இத்தாளில் உண்டா?’ புளி ஒட்டிய தராசு அந்த வரிக்குரியது. ஒவ்வொரு வேலைக்கும் குறிப்பு எழுதவேண்டுமென்றும் நாம் சொல்லவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதற்குக் குறிப்பு எதற்கு? ஐந்து வகுப்புகளை இரண்டு உபாத்தியாயர்கள் நடத்தும் பள்ளிகள் நம் கிராமங்களில் அநேகம். அவர்களிடம் தினம் 60 தாளுக்கு நான்கு விஷயமாக எழுது என்று கட்டளையிடுவது கொடுமை. பதினைந்து நாளைக்கு ஒரு வேலை, அதையும் பாதி வகுப்புக்கு மட்டும் ஆராய்ந்து பார்த்தாலும் போதும்.

தனிப்பட்ட பணக்காரப் பள்ளிகளில் பெற்றோர் இங்கிலீஷில் வாதாடி, தம் பிள்ளையின் மார்க்குக்குக் காரணம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கூலி வேலைக்குச் செல்லும் தாய், தன் மகள் மக்கு என்று பள்ளிக்கூடம் சொன்னால் அதை விதியென்று ஏற்றுக்கொண்டு, அவளை வேலைக்கு அழைத்துப் போய்விடுகிறாள். காரணம் எழுதாத தீர்ப்பு யாருடைய தலையில் விழுகிறதென்று இதிலிருந்து அறியலாம். ‘உன் மகளுக்குக் கதை சொல்லும் திறமை நிரம்ப இருக்கிறது, ல, ள, ழ மட்டும் தடுமாறுகிறது, ஒரு மாதத்தில் சரியாகும்’ என்று எழுதிய நான்கு வரிகள் அத்தாயின் கையில் இருந்தால், அவள் எடுக்கும் முடிவு வேறாக இருக்கக்கூடும். எழுத்தறியாதவளாயினும் யாரேனும் வாசித்துச் சொல்லக் கேட்டு அறிவாள். 10-க்கு 4 என்பதை எத்தனை முறை வாசித்துச் சொன்னாலும் அதற்குள் ஒன்றும் இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும். நமது அரசியல் ஊழியர்கள் தேர்தல் காலத்தில் அப்பெற்றோர் வீட்டு வாசலைத் தவறாமல் மிதிக்கிறார்கள். இனி நடக்கும் குழுக் கூட்டங்களுக்கும் அவர்களுடன் செல்லட்டும். கட்டடம், குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிப் பேசிமுடிந்த பிறகு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைத் தாள்கள் பத்தையும், அவற்றைப் பார்த்த குறிப்பையும் மேஜைமேல் வைக்கும்படி பணிவுடன் கேட்கட்டும். குறிப்பு இல்லையென்றால் தலைமை உபாத்தியாயரைக் கோபிக்க வேண்டாம்; அதைச் செய்வதற்கு வாரத்தில் ஒரு பிற்பகலை எந்தச் செயலியும் எந்தச் சுற்றறிக்கையும் தொடாதபடி அவருக்கு ஒதுக்கித் தரவேண்டுமென்று கல்வி இலாகாவுக்குத் தீர்மானம் எழுதி, பெற்றோரின் கையெழுத்தோடு அனுப்பட்டும். அப்படி வருகிற தீர்மானங்களை நமது பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.